எப்போது போவது?

(எமது சங்கத்தின் நூற்றாண்டு விழாத் தொடரில் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் எங்களைப் பேசச்சொல்லிக் கேட்டது விடுதி நினைவுகளைப் பற்றி. நாங்கள் நால்வரும் 1959 தை மாதத்தில் ஆறாம் வகுப்புக்கு ஒன்றாக விடுதிக்கு வந்தவர்கள். அடுத்தடுத்த கட்டில்களில் படுத்தவர்கள். இன்று எங்களுக்கு வயது 76, 77. அந்த விடுதியைப் பற்றிப் பேச நிறைய இருக்கிறது. ஆனால் போன வருடம் முழுவதும் நாங்கள் சந்தித்தபோதெல்லாம் பேசியது வேறொரு விடுதியைப் பற்றி. அதையே இங்கேயும் பேசப்போகிறோம் என்று சொன்னவுடன் குழுவில் இருந்த ஒரு பிள்ளை, "என்ன அன்ரி, நூற்றாண்டு விழாவிலை முதியோர் இல்லக் கதையே?" என்று கேட்டது. நூறு வயதைக் கொண்டாடும் இடத்தில் முதுமையைப் பற்றிப் பேசாமல் வேறெங்கே பேசுவது? நால்வரும் சேர்ந்து எழுதியதை ஒருவர் வாசிக்கிறார். குரல் ஒன்று, குற்றத்தில் நாலு பேருக்கும் பங்கு உண்டு.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் 100 பேருக்கு 12 பேருக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்கள். அது நாடு முழுவதுக்குமான கணக்கு. எங்கள் ஒழுங்கைகளில் இந்தக் கணக்குச் சரிவராது. பொழுதுபட்ட பிறகு ஒருமுறை நடந்து பாருங்கள். எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது? எரிகிற வீட்டிலும் எத்தனை அறையில் எரிகிறது?

நால்வர் என்று சொன்னோம். 1959இல் நாங்கள் ஐவர். ஐந்தாமவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சைத் தொடங்க முடியாது.

அவர் 31 வருடம் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். கணவர் காலமாகி ஒன்பது வருடம். மகன் ரொறன்ரோவில், மகள் மெல்பேணில். நாற்சார் வீடு, நாலு பரப்பு வளவு, இரண்டு மாமரம், ஒரு கிணறு. எங்கள் ஐவரில் முதன்முதலில் முதியோர் இல்லம் என்ற பேச்சை எடுத்தவரே அவர்தான். கட்டணம் எவ்வளவு, தனியறை உண்டா, எல்லாம் விசாரித்து ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார். எப்போது போகிறாய் என்று கேட்டால், "நல்லூர்த் திருவிழா முடியட்டும்" என்பார். 25 நாள் திருவிழாவும் முடிந்தது. "மழை விடட்டும்." மழை விட்டது. "தை பிறக்கட்டும்." தையும் பிறந்தது. "ஆடி லீவிலை மகன் வாறானாம், அவன் வந்து போகட்டும்." மகன் வந்து மாம்பழம் சாப்பிட்டுவிட்டுப் போனான். இப்படியே மூன்று வருடம் போயிற்று.

ஒரு நாள் இரவு குளியலறையில் விழுந்தார். முற்றம் கூட்ட வரும் பெண் காலை ஏழு மணிக்கு வந்து கண்டார். இடுப்பெலும்பு முறிவு. விழுந்தது இரண்டு மணி போல என்று பிறகு அவரே சொன்னார். அந்த ஐந்து மணித்தியாலமும் கைத்தொலைபேசி சாப்பாட்டு மேசையில் இருந்தது. மகள் மூன்று கிழமை விடுமுறை எடுத்துக்கொண்டு பறந்து வந்தாள். அந்த மூன்று கிழமைக்குள் சத்திரசிகிச்சையும் நடக்கவேண்டும், தாயை எங்கே விடுவது என்ற முடிவும் எடுக்கவேண்டும். தாயின் கொப்பியை வைத்துக்கொண்டு மகள் ஒவ்வோர் இல்லமாகத் தொலைபேசி எடுத்தாள். எல்லா இடத்திலும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். "அம்மா எழும்பி நடப்பாவோ? தன்ரை வேலையைத் தானே பார்ப்பாவோ?" இல்லை என்றவுடன் எல்லா இடத்திலும் ஒரே பதில். கடைசியில் கொழும்பில் ஒரு வாடகை மாடிவீடும், சம்பளத்துக்கு ஒரு பராமரிப்பாளரும் என்று முடிந்தது. எட்டு மாதம் அங்கே இருந்தார். நாங்கள் ஒருமுறை போய்ப் பார்த்தோம். சன்னலால் தெரிந்தது எதிர்க் கட்டடத்தின் சுவர். எங்கே இருக்கிறேன் என்று இரண்டு தரம் கேட்டார்.

மகளைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. மூன்று கிழமையில் அதைவிட வேறென்ன செய்யலாம்?

அந்தக் கேள்விதான் எங்களை உலுப்பியது. "நடக்கமுடியாமல் போனால் அப்ப பாப்பம்" என்பதுதான் நாங்கள் எல்லோரும் எப்போதும் சொல்லிவந்த பதில். அதன் பிறகு நாங்கள் நேரில் போய்ப் பார்த்தது ஐந்து இல்லங்கள். அவற்றில் நான்கு, நடமாடக்கூடியவர்களை மட்டுமே புதிதாகச் சேர்க்கின்றன. நடமாட்டத்தோடு சேர்ந்தவர் பிறகு படுக்கையில் விழுந்தால் வைத்துப் பார்ப்பார்கள், விழுந்த பிறகு வருபவரைச் சேர்க்கமாட்டார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. இருக்கிற தாதியும் உதவியாளரும் ஏற்கனவே உள்ளவர்களுக்கே காணாது. ஆக, அங்கே போகவேண்டிய தேவை இல்லாதபோதுதான் கதவு திறந்திருக்கிறது. தேவை வரும்போது சாத்தியிருக்கிறது. இதை நாங்கள் 70 வயதில் அறிந்திருந்தால் வேறு விதமாக யோசித்திருப்போம்.

அப்படியென்றால் வெள்ளெனப் போய்விடுவதுதான் சரியா? அதுவும் இல்லை. எங்களுக்கு இரண்டு வகுப்பு முந்திய ஓர் அக்கா இருக்கிறார். கணவர் இறந்து 31ஆம் நாள் முடிந்ததும் பிள்ளைகள் கூடிக் கதைத்தார்கள். எல்லோரும் ஒன்றாக நாட்டில் நிற்பது அபூர்வம், ஆகையால் எல்லாவற்றையும் அந்தப் பயணத்திலேயே முடித்துவிடவேண்டும் என்பது அவர்களின் அவசரம். மூன்று மாதத்துக்குள் வீடு விலைப்பட்டது, அக்கா இல்லத்துக்குப் போனார். அவருக்கு அப்போது 68 வயது, நல்ல சுகம், சைக்கிள் ஓடுவார். இல்லத்தில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் தன் துக்கத்தையும் வீட்டையும் சேர்த்து ஒரே நேரத்தில் பறிகொடுத்தேன் என்று இன்றும் சொல்கிறார். திரும்பிப் போக வீடு இல்லை. செத்தவீடு நடந்த வருடத்தில் இந்த முடிவை எடுக்கவேண்டாம் என்பது எங்கள் எண்ணம். ஆண்டுத் திவசம் முடியட்டும். "திருவிழா முடியட்டும்" என்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

வீட்டை விடுவது எங்கள் தலைமுறைக்கு ஏன் இவ்வளவு பாரமாக இருக்கிறது என்று நாங்கள் பலமுறை பேசியிருக்கிறோம். சீதன வீடு, பிள்ளை பெற்ற வீடு என்பதெல்லாம் உண்மை. ஆனால் அதற்கும் மேலே ஒன்று உண்டு. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதியை இந்த மண்டபத்தில் வலிகாமத்தார் எவருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அன்று பின்னேரம் எங்களிடம் ஒருவரும், போக விருப்பமா என்று கேட்கவில்லை. எதைக் கொண்டுபோவது, எதை விடுவது என்று யோசிக்க ஒரு மணித்தியாலம்கூட இல்லை. எங்களில் ஒருவரின் தாயாருக்கு அப்போது 78 வயது. "என்னை விட்டிட்டுப் போங்கோ" என்று தூணைப் பிடித்துக்கொண்டு நின்றவரைச் சைக்கிள் கரியரில் இருத்தி, மழைக்குள் நாவற்குழிப் பாலத்தால் உருட்டிக்கொண்டு போனோம். தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் மாரிகாலம் முழுவதும் இருந்துவிட்டு, தன் வீட்டைக் காணாமலே போய்ச் சேர்ந்தார். நாங்கள் 1996 சித்திரையில் திரும்பிவந்து, கதவும் நிலையும் இல்லாத வீட்டை மறுபடி வீடாக்கினோம். அப்படி மீட்டெடுத்த வீட்டை இப்போது நாங்களாகவே விட்டுவிட்டுப் போவதா என்றுதான் மனம் அடிக்கிறது.

ஆனால் அந்தத் தாயாரின் மகள் எங்களுக்குச் சொன்னது வேறு. "அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனம். அவவின்ரை கால் நிலத்திலை படேல்லை. நான் போறதெண்டால் என்ரை காலாலை நடந்து போவன்" என்றார். எங்களில் முதலில் முடிவெடுத்தவர் அவர்தான்.

பிள்ளைகளிடம் சொல்வதுதான் அடுத்த பாடு. நாங்கள் நினைத்தது, பிள்ளைகள் எங்களைத் தள்ளுவார்கள், நாங்கள் மறுப்போம் என்று. நடந்தது எதிர்மாறு. ரொறன்ரோவுக்கும் எங்களுக்கும் மாரியில் பத்தரை மணித்தியால வித்தியாசம். அங்கே இரவு படுக்கப் போகமுதல் எடுக்கும் அழைப்பு எங்களுக்குக் காலைத் தேநீர் நேரம். அப்படி ஒரு காலையில் எங்களில் ஒருவர் தன் மகனிடம் விஷயத்தைச் சொன்னார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அம்மா, சனம் என்ன சொல்லும்? நாங்கள் உங்களைக் கொண்டுபோய் விட்டிட்டம் எண்டெல்லே கதைப்பினம்" என்றான்.

"தம்பி, சனம் ராவிலை வந்து என்னைத் தூக்கிவிடுமே?"

"அப்ப இஞ்சை வாங்கோ. சுப்பர் விசாவுக்குப் போடுறன்."

அவர் ஏற்கனவே ஒருமுறை போய் ஒரு மாரி முழுவதும் இருந்து வந்தவர். காலை ஏழு மணிக்கு எல்லோரும் வெளிக்கிட்டால் மாலை ஆறு மணிவரை சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டும். தனிய இருப்பதென்றால் அதை ஊரிலேயே, வெயிலிலேயே இருக்கலாம் என்று சொல்லிவிட்டார். மகன் இரண்டு மாதம் மனத்தாங்கலாக இருந்தான். பிறகு தானே ஒரு நாள், "அந்த இடத்திலை வைஃபை இருக்கோ?" என்று கேட்டான். அதுதான் அவனுடைய சம்மதம்.

வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லவேண்டும். எங்கள் வீடுகளில் "கைதடி" என்பது ஓர் ஊரின் பெயராக இருக்கவில்லை. அங்கே உள்ள அரச முதியோர் இல்லத்தை நினைத்து, பிள்ளைகளை வெருட்டவும் கிழடுகளை அடக்கவும் பாவித்த சொல் அது. ஆதரவில்லாதவர்களை ஏற்றுப் பார்க்கும் ஓர் இடத்துக்கு நாங்கள் கொடுத்த மரியாதை அவ்வளவுதான். அந்தச் சொல்லின் சூடு இன்னும் ஆறவில்லை என்பதால்தான் உங்கள் அம்மாமார் தாங்களாக வாய் திறக்கமாட்டார்கள். நீங்களும் வெட்கத்தில் கேட்கமாட்டீர்கள். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைப் பிள்ளைகள் வேண்டுமென்று கைவிடக்கூடாது என்கிறது. பராமரிப்புச் சபையில் முறையிட்டால் மாதாமாதம் பணம் கட்டச்சொல்லிக் கட்டளை வாங்கலாம். எங்கள் பிள்ளைகளில் அநேகர் கட்டளை இல்லாமலே பணம் அனுப்புகிறவர்கள். பணத்தால் தீராத மிச்சத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. அதை நாங்களும் நீங்களும் கதைத்துத்தான் தீர்க்கவேண்டும்.

காணி, வீடு பற்றிக் கொஞ்சம். எங்களில் மூவர் வீட்டை மகள்மாருக்கு எழுதிவிட்டவர்கள், ஆனால் சீவிய உருத்தை வைத்துக்கொண்டு எழுதியவர்கள். இல்லத்துக்குப் போகும் சந்தடியில் அந்த உருத்தையும் விட்டுக்கொடுத்துக் கையெழுத்து வைக்கவேண்டாம் என்று நொத்தாரிசு ஒருவர் எங்களுக்கு அடித்துச் சொன்னார். உருத்து உங்களிடம் இருக்கும்வரை வீட்டை வாடகைக்கு விடலாம், வாடகையும் உங்களுக்கே வரும், பிடிக்காவிட்டால் திரும்பியும் வரலாம். முதலாவது வருடம் வீட்டை விற்கவே வேண்டாம். பூட்டிவைக்கவும் வேண்டாம். பூட்டிய வீட்டுக் கூரையில் ஆலமரம் முளைப்பதை எல்லோரும் கண்டிருக்கிறோம். அற்றோணித் தத்துவம், மரணசாசனம் இவையெல்லாம் சுயபுத்தியோடு இருக்கும்போது வைக்கும் கையெழுத்துக்குத்தான் செல்லுபடி. எங்கள் ஐந்தாமவரின் மகள் வங்கிக்கும் கந்தோருக்கும் அலைந்த அலைச்சலில் பாதி, ஒரு கையெழுத்து ஆறு மாதம் முந்தி வைக்கப்படாததால் வந்தது. பென்சன் எடுப்பவர்கள் பிரதேச செயலகத்தில் விலாசத்தை மாற்ற மறக்கவேண்டாம். வருடாவருடம் உயிரோடு இருக்கிறோம் என்று கிராம அலுவலருக்கு முன்னால் நிரூபிக்கும் அந்தப் பத்திரம் பழைய வீட்டு வாசலில் கிடந்தால், நீங்கள் இல்லத்தில் பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கணக்கில் இறந்துவிடுவீர்கள்.

சரி, போய் இருந்து பார்த்த கதைக்கு வருகிறோம். எங்களில் இருவர் மாசி மாதம் முழுவதும் கட்டணம் கட்டி ஓர் இல்லத்தில் தங்கினார்கள். எங்கள் பென்சனில் முக்கால்வாசி அதற்குப் போயிற்று. முதல் இரவு இருவருக்கும் நித்திரை இல்லை. 1959இல் முதல் இரவு ஐவரும் தலையணைக்குள் முகத்தைப் புதைத்து அழுதது நினைவுக்கு வந்ததாம். அந்த முறை மூன்றாம் நாள் மேற்றன் வந்து ஆளுக்கொரு தோடம்பழ இனிப்புத் தந்தார். இந்த முறை ஒருவரும் தரவில்லை.

குறைகள் இருந்தன, மறைக்கவில்லை. மாலை ஆறரைக்கே இராச்சாப்பாடு. தொலைக்காட்சி அலறும், காது கேளாத ஓர் ஐயாவின் ஆட்சி அது. 50 வருடமாக விடிய நாலரை மணிக்குத் தன் கையால் கோப்பி போட்டுக் குடித்த ஒருவர் ஆறு மணிவரை காத்திருக்கவேண்டி வந்தது. இதற்காக அவர் மூன்றாம் நாளே வீட்டுக்குத் திரும்பிவிடப் பார்த்தார். பிறகு பொறுப்பாளருடன் கதைத்து, அறையில் ஒரு மின்கேத்தில் வைக்க அனுமதி எடுத்தார். சின்ன விஷயம் என்று நினைக்கிறீர்கள். இல்லை. புதிதாக வந்த ஒருவர் கேட்டால் ஓர் ஒழுங்கை மாற்றிக் கொடுக்கிறார்களா என்பதுதான் நாங்கள் கண்டுபிடித்த முதல் சோதனை. இரண்டாவது, இரவு இரண்டு மணிக்கு மணியை அடித்துப் பார்ப்பது. நாங்கள் உண்மையாகவே அடித்தோம். நான்கு நிமிடத்தில் ஒரு பிள்ளை ஓடிவந்தது. வெட்கமாகப் போய்விட்டது, தண்ணீர் வேண்டும் என்று சமாளித்தோம். ஐந்து மணித்தியாலம் நிலத்தில் கிடந்த ஒருவரை நினைத்துத்தான் அடித்தோம் என்று அந்தப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது?

விடுதியோடு ஒப்பிடுகிறோமே தவிர, இரண்டும் ஒன்றல்ல என்று எங்களுக்குத் தெரியும். அந்த விடுதிக்குத் தவணை லீவு இருந்தது. அப்பா கார் பிடித்துக்கொண்டு வருவார். இங்கே கட்டில் ஒன்று வெறுமையானால் ஏன் என்று கேட்கத் தேவையில்லை. நாங்கள் தங்கிய மாதத்திலேயே ஒன்று வெறுமையாயிற்று. அன்று இரவு எல்லோரும் மண்டபத்தில் வழமையைவிட நேரம் இருந்தார்கள். அந்த ஐயா தானாகவே தொலைக்காட்சியை நிறுத்திவிட்டார்.

இப்போது நிலைமை இதுதான். நால்வரில் ஒருவர் பங்குனியிலிருந்து அங்கேதான் இருக்கிறார். கொண்டுபோனது ஓர் அலுமாரி, சாய்மனைக் கதிரை, தையல் மெசின். மற்றவர் தன் வீட்டுக்கு நல்ல வாடகைக் குடும்பம் ஒன்று கிடைத்தவுடன் பக்கத்து அறைக்குப் போகிறார். முற்பணம் கட்டியாயிற்று. மூன்றாமவர் போகமாட்டார். அவருடைய விதவைத் தங்கை கூட இருக்கிறார், பக்கத்து வளவில் பெறாமகன் குடும்பம், கூப்பிட்டால் வேலிக்கு மேலாலே பதில் வரும். அவர் இருக்கவேண்டிய இடம் அதுதான். நாங்கள் ஒருவரும் அவரை வற்புறுத்தவில்லை.

நாலாமவர் தனிய இருக்கிறார், இன்னும் முடிவெடுக்கவில்லை. ஆனால் ஐந்தாமவருக்கு நடந்ததைக் கண்டபின் அவர் ஒரு வேலை செய்தார். ஒரு கொப்பியில் தன் கையாலேயே எழுதினார்: பானை இரண்டு தரம் அடிப்பிடித்தால், காஸ் நிறுத்த மறந்தால், குளிசை போட்டதா இல்லையா என்று ஒரு மாதத்தில் மூன்று தரம் தடுமாறினால், காயம் இல்லாவிட்டாலும் ஒருமுறை விழுந்தால், தெரிந்த ஒழுங்கையில் வழி தவறினால். "இதிலை இரண்டு நடந்தால் எனக்குச் சொல்லுங்கோ. நான் இல்லையெண்டு சண்டை பிடிப்பன். அப்ப இந்தக் கொப்பியைக் காட்டுங்கோ. என்ரை எழுத்து எண்டு எனக்குத் தெரியும்" என்று சொல்லி எங்களிடம் தந்தார். ஒரு பிரதியை லண்டனில் இருக்கும் மகளுக்கும் அனுப்பினார்.

கொப்பி எங்களிடம் இருக்கிறது. போன கிழமை பால் பொங்கி வழிந்து, அடுப்பு நூர்ந்தது தெரியாமல் காஸைத் திறந்தபடி விட்டுவிட்டு முற்றத்தில் நின்றேன் என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். அதை ஒன்றாக எண்ணுவதா, பால் கணக்கில் விடுவதா என்று நாலு பேரும் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறோம். இங்கே வரும் வழியில் ஓட்டோவிலும் அதே வாதம்தான். திரும்பிப் போகும்போது தொடர்வோம்.